நகர மையத்தில் குடியிருப்புச் சங்கம்: யார் உறுப்பினர், எது முதல் வேலை?

தெருமுனை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பகுதி நகரத்தின் நட்டநடுவே இருக்கிறது. கீழே கடைகள், மேலே வீடுகள், இடையிடையே அலுவலகங்கள். பகலில் தோள் உரசாமல் நடக்க முடியாது. கடைகளை அடைத்த பிறகு ஆளரவமே இருக்காது. வீட்டு உரிமையாளர்களில் பலர் புறநகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் வயதானவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், கடைகளில் வேலை செய்துவிட்டு மாடியில் தங்குகிறவர்கள். குப்பை, எரியாத விளக்கு, நடைபாதையை அடைத்து நிற்கும் வண்டிகள், நள்ளிரவில் சரக்கு இறக்கும் சத்தம் என்று எல்லாருக்கும் தொல்லை ஒன்றுதான். கூடிப் பேசத்தான் இடமில்லை.

சிலர் சேர்ந்து ஒரு தன்னார்வச் சங்கம் தொடங்க முடிவெடுத்தோம். விதிமுறை எழுத உட்கார்ந்தால் முதல் விதியிலேயே தகராறு. உறுப்பினராக யாருக்குத் தகுதி? உரிமையாளருக்கு மட்டுமா? வாடகைதாரருக்கு உண்டா? கடைக்காரருக்கு? இந்தத் தெருவில் நாள்தோறும் புழங்குகிற எவரும் உறுப்பினராகலாம் என்பது என் கட்சி. “நாளைக்குக் காலி செய்துகொண்டு போகிறவருக்கு எதற்கு வாக்குரிமை?” என்று மூத்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை.

சங்கம் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள். எதில் தொடங்கினீர்கள்? எங்கே முட்டிக்கொண்டது?

விளக்குக்கம்பம்

விதிமுறையைச் சற்று ஒதுக்கி வையுங்கள். முதலில் ஒரு வேலையைச் செய்து முடியுங்கள். வேலைக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நாங்கள் தெருவிளக்கில் தொடங்கினோம். இருட்டிய பிறகு நான்கு பேர் கிளம்பினோம். ஒருவர் டார்ச் அடித்துக் கம்பத்தின் எண்ணைப் படிப்பார், ஒருவர் நோட்டில் எழுதுவார், மற்ற இருவர் எதிர்ப்புறம் பார்ப்பார்கள். எரியவில்லை, விட்டுவிட்டு எரிகிறது, பகலிலும் எரிகிறது, மரக்கிளை மறைக்கிறது என்று நான்கு கட்டங்கள் போட்டுக்கொண்டோம். எண் அழிந்துபோன கம்பங்களுக்கு எதிரே உள்ள கதவிலக்கத்தைக் குறித்தோம். “எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது” என்று எழுதிய மனுக்களுக்கு அதுவரை பதிலே வந்ததில்லை. கம்ப எண்களோடு பட்டியல் போனதும் ஆள் வந்தார். பட்டியலில் இருந்த விளக்குகளை வரிசையாகச் சரிசெய்தார். மரக்கிளைக்கு மட்டும் வேறு துறை என்றார்கள். அதற்குத் தனி மனு போட்டோம்.

அந்த முதல் நடையில் வந்த நால்வரில் ஒருவர்கூடச் சொந்த வீட்டுக்காரர் அல்லர். இரண்டு பேர் வாடகைதாரர்கள், ஒருவர் கடை ஊழியர், ஒருவர் அச்சகத்தில் இரவுப் பணி பார்ப்பவர். எந்த விளக்கு எரியவில்லை என்று துல்லியமாகத் தெரிந்தவர் அந்த இரவுப் பணிக்காரர்தான். தெருமுனை சொல்வது சரி. புழங்குகிறவருக்குத்தான் தெரு தெரியும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

உள்ளாட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

நகராட்சிக்கு வரும் கோரிக்கைகளை அலுவலகம் இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கும். விளக்கு மாற்றுவது, பெயர்ந்த கல்லைப் பதிப்பது, அடைப்பு எடுப்பது எல்லாம் பராமரிப்பு. அதற்கு ஏற்கெனவே ஒப்பந்ததாரர் இருப்பார். எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் என்ன பிடித்தம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் கையில் அது இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும். புதிய நடைபாதை, புதிய வடிகால், கழிப்பறை ஆகியவை மூலதனப் பணி. அவற்றை ஆண்டின் நடுவில் கேட்டால் “நிதி இல்லை” என்ற பதில்தான் வரும். அது பெரும்பாலும் உண்மையும்கூட. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு தயாராவதற்கு முன்பே, அளவுகளோடும் படங்களோடும் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்புடன் சொல்கிறேன். தன்னார்வத்தின் பெயரால் யாரும் பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள், இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கின் நுகரும் திறனையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே, ஆபத்தும் இல்லை என்று நினைத்து இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. அது இயந்திரத்தின் வேலை, நகராட்சியின் கடமை.

கேள்விக்குறி

பொறியாளர் ஐயா கடைசியில் சொன்னதை இன்னும் விரித்துச் சொல்ல வேண்டும். சாக்கடை மட்டுமா நகராட்சியின் கடமை? கூட்டுவது, அள்ளுவது, மரம் வளர்ப்பது எல்லாமே வரி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியவை. விளக்குமாறு தூக்கிய சங்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் பாராட்டு, படம், மாலை. பிறகு துப்புரவுப் பணியாளர் அந்தத் தெருவுக்கு வருவது மெல்லக் குறையும். கேட்டால் “உங்கள் தெருவுக்குத்தான் சங்கம் இருக்கிறதே” என்பார்கள். வேலை இழப்பது யார்? அந்தப் பணியாளர்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வகுத்தார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பு என்பது வெறும் பெயர். நடு மூன்றில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், சமாதானப்படுத்துவார்கள். முடிவு மட்டும் அவர்கள் கையில் இருக்கும். மேல் மூன்றில்தான் மக்களுக்கு அதிகாரத்தில் பங்கு. உங்கள் சங்கம் எந்தப் படியில் நிற்கப்போகிறது என்று முதலில் முடிவெடுங்கள்.

விளக்குக்கம்பம்

கேள்விக்குறி அவர்களே, நாங்கள் விளக்கை மாற்றவில்லை. மாற்ற வைத்தோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நானும் சொல்கிறேன்.

ஆனால் மக்கள் முதலில் கைவைத்து, அரசு பின்னால் வந்த கதைகளும் உண்டு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் குடியிருப்போர் தங்கள் தெருவில் சீறிப்பாயும் வாகனங்களைப் பொறுக்க முடியாமல் சாலைக் கற்களைத் தாங்களே பெயர்த்து, வண்டிகள் மெதுவாக வளைந்து போகும்படி செய்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘வூனெர்ஃப்’ எனப்படும் தெரு அமைப்பு. அங்கே நடப்பவருக்கும் விளையாடும் குழந்தைக்கும் முன்னுரிமை, வண்டி விருந்தாளி. 1976-இல் நெதர்லாந்து அரசு அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. உட்கார்ந்து மனு மட்டும் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

மூன்றாம் மாடி

வாடகைதாரராக நகர மையத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். “காலி செய்துகொண்டு போகிறவருக்கு எதற்கு வாக்கு” என்ற வாசகத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளை நாங்கள் அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். முடிவெடுத்த கூட்டத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அல்லர். வேறு பகுதியில் குடியிருக்கிறார்கள். மாடிக் கதவை இரவில் பூட்டுவது என்று ஒரு தீர்மானம் வந்தது. பின்னிரவில் பணி முடித்து வரும் பெண்கள் கீழே தெருவில் நின்று தொலைபேசியில் காவலாளியை எழுப்ப வேண்டியதாயிற்று. கூட்டத்தில் எங்களில் ஒருவர் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்கக்கூடியது.

சங்கம் என்றாலே நல்லது என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தெருவின் சொத்து உரிமையாளர்கள் 1911-இல் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள்: ஐம்பது ஆண்டுகளுக்குக் கறுப்பினத்தவரும் ஆசிய இனத்தவரும் அங்கே குடியிருக்கக் கூடாது. 1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே வீடு வாங்கியது. வெளியேற்றச் சொல்லி வழக்கு வந்தது. வழக்குக்குப் பின்னால் நின்ற அமைப்பின் பெயர் மார்க்கஸ் அவென்யூ மேம்பாட்டுச் சங்கம். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தர முடியாது என்று 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சங்கத்தினரும் தங்கள் பகுதியை மேம்படுத்துவதாகத்தான் மனப்பூர்வமாக நம்பியிருப்பார்கள். அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மேற்குவாசல்

மூன்றாம் மாடி அவர்களே, தண்ணீர்த் தொட்டிக்கும் இன ஒதுக்கலுக்கும் முடிச்சுப் போடுவது நியாயமா? உரிமையாளர் பராமரிப்புச் செலவு கொடுக்கிறார், வரி கட்டுகிறார், கட்டடம் இடிந்தால் இழப்பு அவருக்கு. அவர் குரலுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை இருப்பதில் தவறில்லை.

மூன்றாம் மாடி

கட்டடத்தின் உள்ளே இருக்கலாம், மறுக்கவில்லை. வெளியே தெருவுக்கு வந்துவிட்டால் அது யாருடைய சொத்தும் அல்லவே. நடைபாதையில் தடுக்கி விழுகிறவரிடம் பத்திரம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

நூலகத்து நாற்காலி

இந்தப் பேச்சு நடக்கும்போது சில ஆய்வுகளை இங்கே வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1997-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கேட்ட கேள்விகள் எளிமையானவை. பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் உங்கள் அண்டையில் இருப்பவர்கள் தட்டிக்கேட்பார்களா? இங்குள்ளவர்களை நம்பலாமா? வறுமை முதலான காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், ஒருவரை ஒருவர் நம்பித் தலையிடும் மனம் இருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. நெருங்கிய நட்போ, உறவோ இருந்தால்தான் இது வரும் என்பதில்லை. முகம் தெரிந்து, கேட்டால் செய்வார் என்ற எண்ணம் இருந்தால் போதும். சங்கம் தரக்கூடியது இதைத்தான்.

அதே நகரத்தில் 1995 ஜூலையில் கடும் வெப்ப அலை வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். வடக்கு லான்டேலில் இலட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கு லான்டேலில் 4 பேர். தெற்கில் கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் அஞ்சாமல் வெளியே வந்து நிழல் தேடினார்கள். வடக்கில் காலி மனைகளும் பூட்டிய கடைகளும். கதவைத் திறக்கவே பயந்தவர்கள் உள்ளேயே வெந்து போனார்கள். தெருமுனை அவர்களே, கடைக்காரரைச் சேர்ப்பதா என்று கேட்டீர்கள். திறந்த கடை ஒன்று முதியவரின் உயிரைக் காக்கும் இடமாகவும் இருந்திருக்கிறது.

ஜப்பானின் கோபே நகரில் 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நகரின் பல பகுதிகளைத் தீ தின்றது. மானோ என்ற பகுதியில் குடியிருப்போர் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி, அருகிலிருந்த தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவோடு சேர்ந்து தீயைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த மக்கள் 1960-களிலேயே ஆலை மாசுக்கு எதிராகக் கூடியவர்கள். பிறகு தெரு அகலம், பூங்கா, முதியோர் கவனிப்பு என்று இடைவிடாமல் கூடிக்கொண்டே இருந்தவர்கள். ஒரு காலத்தில் ஆலை மாசை எதிர்த்து நின்றவர்கள், ஓர் ஆலையின் குழுவோடு தோள் சேர்ந்து தீயை அணைத்தார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

காலி மனைகள் பற்றியும் ஒன்று. பிலடெல்பியாவில் பாழடைந்து கிடந்த 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவுகள் 2018-இல் வந்தன. செய்தது மிகச் சாதாரணம்: குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடுப்புயர மரவேலி போட்டார்கள். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள், வண்டி நுழைய முடியாது. ஆகவே குப்பை கொட்டுபவர் வரமாட்டார், உட்கார நினைப்பவர் வரலாம். வறிய பகுதிகளில் அத்தகைய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது.

கல்லாப்பெட்டி

கடைக்காரன் பேசுகிறேன். எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் எழுதிய நூலகத்து நாற்காலிக்கு நன்றி.

எங்கள் தெருவில் சரக்கு இறக்கும் சத்தத்துக்காக மேல்மாடிக்காரர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தது. அவர்கள் காவல்துறைக்குப் போனார்கள், நாங்கள் வணிகர் அமைப்புக்குப் போனோம். சங்கம் வந்த பிறகு இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மாடியில் இருந்தவர்கள் எதிர்த்தது வண்டி வருவதை அல்ல. இரும்புத் தள்ளுவண்டி கல்பாவிய தரையில் உருளும் கடகடப்பையும், பின்கதவை அறைந்து சாத்துவதையும், வண்டி பின்னால் வரும்போது அலறும் கருவியையும்தான். தள்ளுவண்டிக்கு ரப்பர் சக்கரம் போட்டோம். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டினோம். வண்டி முன்பக்கமாகவே நுழைந்து முன்பக்கமாகவே வெளியேறும்படி தெருவின் மறுமுனையைத் திறந்துவிட நகராட்சியிடம் கேட்டு வாங்கினோம். இரவு பத்துக்கு மேல் சரக்கு இல்லை என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மீறுகிறவருக்கு முதலில் நேரில் ஒரு வார்த்தை, அடுத்து கடிதம், அதன் பிறகுதான் புகார்.

சேர்க்காமல் வைத்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் எதிரிகள்தான்.

நூலகத்து நாற்காலி

கல்லாப்பெட்டி சொன்ன அந்த வரிசை முக்கியமானது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொது வளங்களை மக்களே நீடித்துக் காத்துவந்த இடங்களை ஆராய்ந்து கண்ட கூறுகளில் இதுவும் ஒன்று. தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும், விதியால் பாதிக்கப்படுகிறவருக்கு விதியை எழுதுவதிலும் இடம் இருக்க வேண்டும்.

மேற்குவாசல்

எல்லாம் சரி. நடைபாதை வியாபாரிகளை என்ன செய்வது? எங்கள் சங்கத்தின் முதல் வேலையே அவர்களை அப்புறப்படுத்துவதுதான் என்று நான் முன்மொழிந்திருக்கிறேன். நடக்க வழியே இல்லை. என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவரை வீட்டுவாசலைத் தாண்டி அழைத்துப் போக முடியவில்லை. இதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் மாடி

எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை ஐயா. உங்கள் தாயாருக்கு வழி வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அளந்து பார்த்தீர்களா? நடைபாதையை அடைத்திருப்பது வியாபாரிகளா, நிறுத்தி வைத்த வண்டிகளா, கடைகள் வெளியே இழுத்துப் போட்ட பலகைகளா, மின்பெட்டிகளா?

ஓய்வுபெற்ற பொறியாளர்

அளக்கச் சொன்னது மிகவும் சரி. சக்கர நாற்காலி தாராளமாகப் போக ஒன்றரை மீட்டர் தடையில்லாத வழி தேவை. நாற்காலியைத் திருப்பவும் ஏறக்குறைய அவ்வளவு இடம் வேண்டும். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தெரு முழுவதும் நடந்து, வழி அதற்குக் குறைகிற ஒவ்வோர் இடத்திலும் தடை எது என்று எழுதுங்கள். மேற்குவாசலின் தாயாரையும் நாற்காலியோடு அழைத்துப் போங்கள், அவர் விரும்பினால். சாய்தளம் இல்லாத மேடையை அளவுநாடா சொல்லாது, அவர் சொல்வார். என் பணிக்காலத்தில் இப்படி அளந்த தெருக்களில் வண்டி நிறுத்தம்தான் பெரும்பாலும் முதல் தடையாக இருந்தது. வியாபாரிகளை ஒரே வரிசையில், சுவரோரமாகவோ விளிம்போரமாகவோ இடம் குறித்து அமர்த்தினால் வழி கிடைத்துவிடும். கோடு போட்ட பிறகு அதை மீறாமல் பார்த்துக்கொள்வது வியாபாரிகளே. ஒருவர் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் இடைஞ்சல்.

விளக்குக்கம்பம்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இரவில் கடைசியாக எடுத்துக்கட்டுகிறவர் வியாபாரிதான். எங்கள் தெருவில் வழி தவறிய குழந்தையைப் பிடித்துவைத்து வீடு தேடித் தந்தவரும், மயங்கி விழுந்த பெரியவருக்கு முதலில் ஓடியவரும் நடைபாதையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். நாள் முழுக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களை எடுத்து எறிந்துவிட்டுப் பிறகு பாதுகாப்புக்குக் கேமரா கேட்டு மனு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் தெருவைப் பேசுகிறீர்கள். நான் காகிதத்தைப் பேசுகிறேன். சங்கங்கள் உடைவது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

சந்தா எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ரசீது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து; இருவரும் ஒரே குடும்பத்தினராகவோ ஒரே கடையினராகவோ இருக்கக் கூடாது. வரவு செலவை ஆண்டுக்கு ஒருமுறை வாசிப்பது போதாது, மாதந்தோறும் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எதிர்த்தவர்களின் கருத்தையும் எழுதுங்கள். பின்னாளில் அவர்கள் சொன்னதுதான் சரி என்று தெரியவரும்போது திரும்பி வர ஒரு வழி இருக்கும்.

அடுத்தது, நீங்கள் சீரமைக்கும் இடம் யாருடையது என்ற கேள்வி. நியூயார்க்கில் 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் தோழர்களும் பவரி, ஹூஸ்டன் தெருக்கள் சந்திக்கும் முனையில் குப்பை மேடாகக் கிடந்த மனையைத் தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டே நகரம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு எழுதிக் கொடுத்தது. அதைப் பின்பற்றி நகரெங்கும் தோட்டங்கள் முளைத்தன. ஆனால் 1999-இல் அதே நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு இரண்டு அறக்கட்டளைகள் விலை கொடுத்து வாங்கி அவற்றைக் காப்பாற்றின. ஆண்டுக்கணக்கில் மண் சுமந்தவர்கள் கையில் நிலத்தின் மேல் உறுதியான உரிமை எதுவும் இல்லை. மண்வெட்டியைத் தொடும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

இத்தாலியின் போலோக்னா நகரம் 2014-இல் இதற்கென்றே ஒரு நகர விதிமுறை கொண்டுவந்தது. ஒரு சதுக்கத்தையோ சுவரையோ பூங்காவையோ கவனித்துக்கொள்ள விரும்பும் குடிமக்கள் நகராட்சியோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். யார் எதைச் செய்வார், நகராட்சி எந்தப் பொருளைத் தரும், விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு, எத்தனை காலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேள்விக்குறியின் அச்சத்துக்கு நான் கண்ட நல்ல மறுமொழி இதுதான். நகராட்சியின் கடமை இன்னது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் “உங்களுக்குத்தான் சங்கம் இருக்கிறதே” என்று கைகழுவ முடியாது.

கேள்விக்குறி

கணக்குப்பிள்ளைக்கு நன்றி, இது எனக்குத் திருப்தியான விடை. துப்புரவைப் பொறுத்தவரை என் எதிர்ப்பைத் தளர்த்திக்கொள்கிறேன்.

இன்னோர் ஆபத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். நகராட்சிக்கு மிக அருகில் போய்விடும் சங்கம் நாளடைவில் அதன் கையாகிவிடும். ஜப்பானில் ‘சோனாய்காய்’ எனப்படும் அண்டைச் சங்கங்களை 1940-இல் அரசு தன் நிர்வாகச் சங்கிலியில் ஒரு கண்ணியாக்கியது. அவற்றின் கீழ் இயங்கிய சிறு குழுக்கள் போர்க்காலத்தில் பங்கீட்டுப் பொருள் கொடுத்தன, கூடவே அண்டைவீட்டாரைக் கண்காணிக்கவும் செய்தன. அதனால்தான் 1947-இல், போரில் தோற்ற ஜப்பானைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நேச நாடுகளின் நிர்வாகம் அவற்றைக் கலைக்க உத்தரவிட்டது. மக்கள் வேறு பெயர்களில் மீண்டும் கூடினார்கள். 1991-இல்தான் சட்டத் திருத்தம் வந்து, அத்தகைய சங்கங்கள் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ள வழி பிறந்தது. அதிகாரிகள் பட்டியல் கேட்டால், யாருடைய பட்டியல், எதற்கு என்று கேட்கத் தெரிந்த சங்கம் வேண்டும்.

அதோடு வாடகையையும் யோசியுங்கள். தெரு அழகானால் வாடகை ஏறும். விளக்குப் பட்டியல் எழுதிய அந்த வாடகைதாரர்தான் முதலில் வெளியேறுவார்.

மூன்றாம் மாடி

இதைத்தான் யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். சங்கத்தால் வாடகையைக் கட்டுப்படுத்த முடியாது என்பது தெரியும். ஆனால் உரிமையாளர் உறுப்பினர்கள், சங்கத்தின் உழைப்பால் தெரு மேம்பட்டதைக் காட்டி நடுவில் வாடகை ஏற்றமாட்டோம் என்று எழுதிக்கொடுக்கலாமே. சட்டப்படி செல்லுமா என்பது வேறு. எழுதிய கையெழுத்துக்கு அண்டைவீட்டாரின் முன்னால் ஒரு மதிப்பு உண்டு.

மாலைநேரம்

நான் ஒரு சங்கத்தின் செயலாளர். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. வேலை செய்வது யார்?

எங்கள் சங்கத்தில் தலைவர், துணைத்தலைவர், ஆலோசகர்கள் எல்லாரும் ஆண்கள். கடிதம் எழுதுவது, தொலைபேசி எடுப்பது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, நோயில் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் பெண்கள். பெயர்ப்பலகையில் இருப்பவர்கள் ஒரு கூட்டத்துக்கு வராவிட்டால் கூட்டம் நடக்கும். நாங்கள் வராவிட்டால் கதவே திறக்காது. ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்யும் சங்கம் அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும். பொறுப்புகளைச் சிறிது சிறிதாக உடையுங்கள். “பூங்காப் பொறுப்பாளர்” என்றால் யாரும் முன்வர மாட்டார்கள். “கிழக்கு மூலையில் உள்ள மூன்று மரங்களுக்குக் கோடையில் தண்ணீர்” என்றால் பள்ளிப் பிள்ளைகூடக் கை தூக்கும். யாரும் ஒரே பதவியில் இரண்டு முறைக்கு மேல் தொடரக் கூடாது என்று விதியிலேயே வையுங்கள். கூட்டத்தைக் கடை அடைத்த பிறகு ஒருமுறை, விடுமுறை நாள் காலையில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி வைத்தால் வராதவர்கள் வருவார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். தாய்மார்கள் கூட்டத்துக்கு வராததற்கு ஆர்வக் குறைவு காரணம் அல்ல.

தெருமுனை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை அப்படியே அச்செடுத்து எங்கள் கூட்டத்தில் வாசித்தோம். செயின்ட் லூயிஸ் வழக்கை வாசித்தபோது கூடம் அமைதியாகிவிட்டது. எதிர்த்துப் பேசிய மூத்தவர் ஒருவர் எழுந்து, “எனக்கும் அந்த விதி வேண்டாம்” என்றார்.

உறுப்பினர் விதியை இப்படி எழுதியிருக்கிறோம்: “இப்பகுதியில் வசிப்பவர், தொழில் செய்பவர், பணிபுரிபவர் எவரும் சமமான ஒரு வாக்குடன் உறுப்பினராகலாம்.” நடைபாதை வியாபாரிகள் “தொழில் செய்பவர்” என்பதில் அடங்குவர் என்று குறிப்பும் சேர்த்துவிட்டோம், பின்னால் யாரும் வேறு பொருள் சொல்லாதிருக்க. கட்டடத்துக்குள் நடக்கும் செலவுகளில் உரிமையாளர் முடிவெடுப்பார், தெருவில் எல்லாரும் சமம். மேற்குவாசல் தந்த யோசனை இது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு தனிச்செய்தியில் நிறையப் பேசினோம். முதல் வேலை நடைபாதை அளப்பு. வாடகை உறுதிமொழியில் இதுவரை கையெழுத்திட்டவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களை வற்புறுத்தப்போவதில்லை, கேட்டுக்கொண்டே இருப்போம்.

கணக்குப்பிள்ளையிடம் ஒரு சந்தேகம். இங்கே வேலை நேரம் பலவிதம், எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்ட முடியாது. பொதுக்குழுவுக்குக் குறைந்தபட்ச வருகையை எவ்வளவு என்று வைப்பது?

கணக்குப்பிள்ளை

உயர்த்தி வைத்தால் கூட்டமே நடக்காது. தாழ்த்தி வைத்தால் நான்கு பேர் ஊரை எழுதி வாங்கிவிடுவார்கள். ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். அந்த அளவு சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைத்து ஒரு வாரத்தில் மறுபடி கூட்டுங்கள். அப்போது வந்தவர்களே முடிவெடுக்கலாம். ஆனால் விதித் திருத்தம், சந்தா உயர்வு, உறுப்பினர் நீக்கம் ஆகிய மூன்றையும் ஒத்திவைத்த கூட்டத்தில் எடுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள் முன்கூட்டியே எழுத்தில் வாக்களிக்கவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.